பால் பைத்தான் குட்டி: ஆணா பெண்ணா என்று உறுதி செய்வது எப்படி?

வளவுவாசல் | காரைக்குடி

வணக்கம். வீட்டில் பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) குட்டி ரெண்டு இருக்கு. ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 4 மாசம். ஒன்று 240 கிராம், மற்றது 265 கிராம். பரிவேஷ் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளம்) பதிவெல்லாம் முறையா முடிஞ்சாச்சு. கொடுத்தவர் "ஜோடிதான், கவலைப்படாதீங்க" என்றார். எதை வைத்துச் சொல்றீங்க என்று கேட்டால், கழிவாய்க்கு ரெண்டு பக்கமும் இருக்கிற முள் 265 கிராம் குட்டிக்குப் பெரிசாம், அதனால் அது ஆணாம். வாலைப் பார்த்தால் எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் தெரியுது.

ரெண்டு மூணு வருஷம் வளர்த்து முட்டை எடுக்கணும் என்று எண்ணம். அதுக்கு முன்னாடி தெரிய வேண்டியது: முள்ளை நம்பலாமா? 4 மாசக் குட்டிக்கு பாப்பிங் (வாலடியை அழுத்திப் பார்ப்பது) செய்யலாமா, இல்லை ப்ரோபிங் (கம்பி விட்டு அளப்பது)தானா? ப்ரோப் செட் எதுக்கு, முனை மழுங்கின ஸ்வெட்டர் ஊசியே போதும் என்று ஒரு வீடியோவில் காட்டுறாங்க, சரியா? ஜோடிதான் என்றால் இப்பவே ஒரே பெட்டியில் விட்டுப் பழக்கலாமா?

செதிலெண்ணி | புதுவயல்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: விடாதீங்க. ஆணும் பெண்ணுமாகவே இருந்தாலும் கூடாது. பால் பைத்தான் தனியாக இருக்கிற விலங்கு. சூடான மூலையை ஒன்று பிடிச்சுக்கும், இன்னொன்று இரை எடுப்பதை நிறுத்தும். ரெண்டும் படுத்திருப்பதைப் பார்த்து "பாசமா இருக்கு" என்று நினைத்துக்கொள்வோம். இன்னொரு சிக்கல், ஆண் சீக்கிரம் முதிர்ந்துவிடும். 600, 700 கிராம் வந்தாலே ஏறப் பார்க்கும். பெண்ணை 1500 கிராமும் மூணு வயசும் ஆகாமல் முட்டைக்கு விடக்கூடாது. சேர்த்து வைத்தால் அந்தக் கணக்கு நம் கையில் இருக்காது.

முள் விஷயம்: அது பின்னங்கால் இருந்ததன் மிச்சம். பைத்தானில் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. குட்டியில் அதன் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது; பெரிசிலும் தேய்ந்தது, ஒடிந்தது என்று வித்தியாசம் வரும். வால் வடிவமும் இந்த இனத்துக்கு அவ்வளவாக உதவாது. கார்ன் ஸ்நேக் மாதிரி வால் நீளமான பாம்பில், ஆணுக்கு வாலடி தடிமனாக இருந்து மெல்ல ஒடுங்கும், பெண்ணுக்குக் கழிவாய் தாண்டினதும் சட்டென்று ஒடுங்கும். வளர்ந்த பாம்பில் பழகின கண்ணுக்கு அது தெரியும். பால் பைத்தானுக்கு வாலே குட்டை. 250 கிராமில் அதைப் பார்த்துச் சொல்வது ஊகம்தான்.

உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். ஆண் பாம்புக்கு உறுப்பு இரண்டு. ஹெமிபீனிஸ் என்பார்கள். கழிவாய்க்குப் பின்னால், வாலின் அடிப்பகுதிக்குள், பக்கத்துக்கு ஒன்றாக, உட்புறமாக மடிந்து படுத்திருக்கும். பெண்ணுக்கு அதே இடத்தில் நாற்றச் சுரப்பியும் ஆழமில்லாத ஒரு சிறு குழியும்தான். பாப்பிங் என்பது அந்த உறுப்பை வெளியே பிதுங்க வைத்துப் பார்ப்பது. ப்ரோபிங் என்பது அந்தப் பை எவ்வளவு ஆழம் என்று கம்பி விட்டு அளப்பது.

பாப்பிங்குக்குச் சரியான காலம், முட்டையிலிருந்து வந்த முதல் ஒன்றிரண்டு வாரம். வாலில் அப்போது சதைப்பிடிப்பு குறைவு. குட்டியை மல்லாத்தி, ஒரு கைக் கட்டைவிரலைக் கழிவாய் மூடிச் செதிலுக்கு முன்னால் வைத்து, தோலைத் தலைப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்து வாயைத் திறக்கணும். மற்றக் கைக் கட்டைவிரலை வாலில் ஏழெட்டுச் செதில் தள்ளி வைத்து, கழிவாயை நோக்கி உருட்டி அழுத்தணும். உருட்டணும், நசுக்கக்கூடாது. வாலைப் பின்பக்கமாக மடக்கவும் கூடாது; முள்ளெலும்பு போய்விடும். ஆண் என்றால் ரெண்டு சிவந்த குழல் வெளியே வரும், ஒவ்வொன்றிலும் நடுவே ரத்தக்குழாய்க் கோடு தெரியும். பெண் என்றால் ஓரத்தில் வெளிறிய ரெண்டு சின்னப் புள்ளி மட்டும் துருத்தும். அதைக் "குட்டி ஹெமிபீனிஸ்" என்று எண்ணி ஆண் என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. நீளமில்லை, சிவப்புக் கோடு இல்லை என்றால் அது சுரப்பி முனைதான்.

இதில் மனசில் வைக்க வேண்டியது ஒன்று. வெளியே வந்தால் ஆண் என்பது உறுதி. வரவில்லை என்பதால் பெண் என்பது உறுதி ஆகாது. பயந்த ஆண் வாலை இறுக்கிக்கொண்டால் எதுவும் வராது. சந்தையில் "பெண்" என்று வாங்கி ஆணாகிப் போவது பெரும்பாலும் இப்படித்தான். பெண்ணுக்கு விலையும் கூடுதல் என்பதால் விற்கிறவர் ரெண்டாம் தடவை பார்ப்பதும் இல்லை.

உங்கள் குட்டிகள் 4 மாசம். சதை பிடித்துவிட்டது. பாப்பிங் முயற்சி செய்யலாம், ஆனால் வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீங்க.

பள்ளத்தூர் ஆச்சி

புதுவயல் தம்பி சொன்னதில் கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. 250 கிராமில் பாப்பிங் "முயற்சி செய்யலாம்" என்று சொன்னால், புதுசாக வளர்க்கிறவர் வரும்வரை அழுத்தத்தான் செய்வார். வால் வீங்கி நீலம் பாரிப்பது அப்படித்தான். வேற இனத்தில் இன்னும் மோசம்: பச்சை மரப் பைத்தான் குட்டிக்கு இந்த வேலையைச் செய்தால் வால் நிரந்தரமாகக் கோணிவிடும், அதனால் அதில் சிறு வயதில் யாரும் கையே வைப்பதில்லை. 4 மாசக் குட்டிக்கு நேராக ப்ரோபிங்குக்குப் போங்க, அதுவும் பழகின கையால்.

இன்னும் சில நடைமுறை. இரை கொடுத்து நாலு நாளாவது ஆகியிருக்கணும். கண் பால் பூத்து, சட்டை உரிக்கிற பருவத்தில் இருந்தால் தொடாதீங்க. உரித்து முடித்து ஒரு வாரம் போகட்டும். நம்ம ஊர் சித்திரை வைகாசியில் மத்தியானம் 38, 40 டிகிரி. அந்த நேரத்தில் எடுத்தால் பாம்பு ஓயாமல் நெளியும். விடியற்காலை எடுங்க.

பட்டாலையில் உட்கார்ந்து செய்ய வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தரையில் நழுவி விழுந்தால் பாம்புக்குப் பிடிப்பு கிடைக்காது, வளவில் முற்றத்துத் தண்ணீர் போகிற மடை திறந்துதான் கிடக்கும். அதற்குள் போனால் அப்புறம் மூன்றாம் கட்டு வரை தேடணும். மேசையில் ஈரமில்லாத துண்டை விரித்து, கதவு சாத்திய அறையில் வைத்துச் செய்யுங்க. ஒருவர் உடம்பைத் தாங்க, ஒருவர் வாலைப் பிடிக்க, இரண்டு பேர் அவசியம். மலமும் நாற்றமும் மேலே பீய்ச்சும், அதுக்குத் தயாராக பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்க.

ஸ்வெட்டர் ஊசி, பட்ஸ், கொண்டை ஊசி எதுவும் கூடாது. ஏன் என்று டாக்டர் சொல்லட்டும்.

ஊர்வன வைத்தியம் | தேவகோட்டை

ஸ்வெட்டர் ஊசியின் முனை மழுங்கலாகத் தெரிந்தாலும் கூம்பாகவே இருக்கும். ப்ரோப்பின் முனையில் உருண்டை இருக்கிறது. கம்பி அந்த உருண்டையைவிட மெலிது. உருண்டை திசுவை விலக்கிப் போகும், கூம்பு துளைத்துப் போகும். பட்ஸில் பஞ்சு உள்ளே கழன்று தங்கிவிடும்.

அளவு: செட்டில் பல தடிமன் இருக்கும். சிறிய பாம்பு என்று மிக மெலிதானதை எடுப்பதுதான் வழக்கமான பிழை. சிரமமில்லாமல் நுழையக்கூடியதில் தடிமனானது எதுவோ அதுவே பாதுகாப்பு. மெலிது எளிதில் துளைக்கும். 250 கிராம் பால் பைத்தானுக்கு முனை ஏறத்தாழ 1.5 முதல் 2 மி.மீ.

சுத்தம்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ப்ரோப்பைக் கொதிநீரில் போட்டு எடுக்கலாம், அல்லது குளோர்ஹெக்சிடின் கரைசலில் ஊறவைத்து, ஸ்டெரைல் சலைனில் கழுவலாம். ஸ்பிரிட் துடைத்தால் முழுக்கக் காயணும். ஈரத்தோடு விட்டால் உள்ளே எரியும், பாம்பு இறுக்கிக்கொள்ளும், அளவு தவறும். ஒரு பாம்புக்குப் போட்டதை அப்படியே அடுத்ததற்குப் போடக்கூடாது. வழுவழுப்புக்கு நீர் அடிப்படையிலான ஜெல்லி. தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம். மருந்துக்கடையில் ஜெல்லி என்று கேட்டால் லிக்னோகைன் கலந்ததை எடுத்துக் கொடுப்பார்கள். மரக்கச் செய்யும் மருந்து இவ்வளவு சின்ன உடம்பில் சுலபமாக அளவு மீறிவிடும். அட்டையைப் படித்து வாங்குங்கள். விந்தணுவை அழிக்கும் மருந்து சேர்த்ததும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பாம்புக்கு ஆகாது.

நுழைக்கும் இடம் நடுவில் அல்ல. மூடிச் செதிலை மெல்லத் தூக்கினால், பிளவின் இரண்டு ஓரத்திலும் வாலை நோக்கிய திறப்பு கிடைக்கும். முனையை அங்கே வைத்து, வாலுக்கு இணையாகப் படுக்கையாகப் பிடித்து, விளக்குத் திரி திரிக்கிற மாதிரி விரலுக்குள் உருட்டிக்கொண்டே விடணும். தள்ளக்கூடாது. தடை வந்தால் நிறுத்தி, பாம்பு தசையைத் தளர்த்தும் வரை காத்திருங்கள். அரை நிமிடம் ஆகலாம். தளர்ந்ததும் தானே போனால் தசை இறுக்கம்தான் தடை. தளர்ந்த பிறகும் மெத்தென்று அதே இடத்தில் நின்றால் பையின் முடிவு அது.

அந்த நிலையில், கழிவாய் விளிம்பு இருக்கும் இடத்தில் கம்பியைக் கட்டைவிரல் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து, வாலின் மேல் அடிப்பக்கமாக வைத்துச் செதிலை எண்ணுங்கள். வாலடிச் செதில் இரட்டை வரிசை. ஒரு வரிசையை மட்டும் எண்ணணும். இரண்டையும் எண்ணி மூன்றை ஆறாக்கி வருவோர் உண்டு. பால் பைத்தானில் பெண்ணுக்கு 2 முதல் 4 செதில், ஆணுக்கு 8, 9 என்ற வாக்கில். இடையில் வந்தால் முடிவு சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் பார்த்தே தீர வேண்டும்.

தவறு இரண்டு திசையிலும் வரும். ஆண் இறுக்கிக்கொண்டால் ஆழம் குறைந்து பெண் மாதிரி தெரியும். பெண்ணில் பலமாகத் தள்ளினால் பையின் சுவர் கிழிந்து கம்பி சதைக்குள் போய், ஆண் மாதிரி தெரியும். இரண்டாவது வெறும் கணக்குப் பிழை அல்ல, காயம்; சீழ் கட்டும். கம்பி நுனியில் ரத்தம் தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பாப்பிங்கில் வெளியே வந்த உறுப்பு சில நிமிடத்தில் தானே உள்ளே போய்விடும். போகாவிட்டால் காயவிடக்கூடாது. சலைன் நனைத்த துணியில் வைத்து, வைக்கோல், தேங்காய்நார் எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் ஈர டிஷ்யூவில் விட்டுக் கொண்டுவாருங்கள். வீக்கம் இருந்தால் கெட்டியான சர்க்கரைக் கரைசலை அதன்மேல் விடலாம். நீரை இழுத்து வீக்கம் குறையும். விரலால் திணிக்க வேண்டாம்.

இந்தப் பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். வளர்ந்த பாம்பில் சந்தேகம் தீராவிட்டால் மயக்கம் கொடுத்து, வாலடியில் சலைன் ஏற்றி உறுப்பை வெளிக்கொணரும் முறை உண்டு. அது மருத்துவர் மட்டும் செய்வது, இந்த வயதுக்குத் தேவையும் இல்லை.

வளவுவாசல் | காரைக்குடி

ரொம்ப நன்றி டாக்டர், ஆச்சி, அண்ணே. நீங்க சொன்ன மாதிரி சட்டை உரிச்சு முடிஞ்ச பிறகு, பழகினவரை வரவழைத்து ப்ரோபிங் எடுத்தாச்சு. 265 கிராம் குட்டி (பெரிய முள்): இடது 3, வலது 3. 240 கிராம் குட்டி: இடது 9, வலது 4. ரத்தம் இல்லை. இப்ப ரெண்டாவதை என்னன்னு எழுதுறது? பக்கத்துக்கு ஒரு பாலினம் இருக்குமா என்ன!

இன்னொன்று, அந்த 240 கிராம் குட்டி பனானா மார்ஃப் (மரபுவழி வரும் ஒரு நிற வகை). அப்பா பனானா, அம்மா சாதா என்று கொடுத்தவர் எழுதித் தந்திருக்கார். பனானா என்றாலே ஆண்தான் என்று ஒரு குரூப்பில் சொல்றாங்க. கிளிக்கு டிஎன்ஏ பார்க்கிற லேபுக்குச் சட்டையை அனுப்பினால் சொல்லிடுவாங்களா?

ஊர்வன வைத்தியம் | தேவகோட்டை

ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் ஆழமில்லை என்பது அடிக்கடி வருவதுதான். இரண்டு விளக்கம் சாத்தியம்: ஆண், வலது பக்கத்தை இறுக்கியிருக்கிறது, அல்லது பெண், இடது பக்கம் துளைத்திருக்கிறது. ரத்தம் இல்லை, 9 வரை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது என்றால் முதல் விளக்கமே பொருந்தும். 4-இல் நின்று, கொஞ்சம் அழுத்தியதும் "பொசுக்" என்று விட்டுக்கொடுத்து 9-க்குப் போனது என்றால் சந்தேகப்பட வேண்டும். எடுத்தவரிடம் இதைக் கேளுங்கள், அவர் விரலுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் வாலடியைப் பாருங்கள்: ஒருபக்க வீக்கம், கழிவாய் ஓரச் சிவப்பு, மலம் கழிக்கச் சிரமம் எதுவும் இல்லாவிட்டால் மூன்று வாரம் விட்டு, ஒரு சுற்றுத் தடிமனான ப்ரோப்பால், வலது பக்கத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கம் எடுக்கும்போதுதான் பாம்பு தளர்வாக இருக்கும்.

3, 3 வந்ததைப் பெண் என்று எழுதலாம், பென்சிலில். இரண்டு பக்கமும் இறுக்கும் ஆணும் உண்டு.

கோட்டையூர் மார்ஃப்

பனானா கேள்விக்கு நான். "பனானா என்றாலே ஆண்" என்பது அரை உண்மை.

பைத்தானின் பால் குரோமோசோம் பற்றி ரொம்ப நாள் தவறாகத்தான் எல்லாரும் நம்பினோம். மற்றப் பாம்புகள் மாதிரி, பறவை மாதிரி, பெண்தான் இருவேறு குரோமோசோம் கொண்டது, அதாவது இசட் டபிள்யூ என்று. 2017-இல் வந்த ஆய்வு, போவாவிலும் பைத்தானிலும் நம்மைப் போல எக்ஸ் ஒய் முறை இருப்பதைக் காட்டியது. பனானா மரபணு இருப்பது அந்தப் பால் குரோமோசோமில். இதனால் என்ன ஆகும் என்றால், தகப்பன் பனானா தன் மரபணுவை யாரிடமிருந்து வாங்கியது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். அது தன் அப்பாவிடமிருந்து வாங்கியிருந்தால் மரபணு ஒய்யில் இருக்கும். அதன் பனானா குட்டிகள் பெரும்பாலும் ஆண். அம்மாவிடமிருந்து வாங்கியிருந்தால் எக்ஸில் இருக்கும். பனானா குட்டிகள் பெரும்பாலும் பெண். முதல் வகைத் தகப்பனை "மேல் மேக்கர்" என்றும் இரண்டாவதை "ஃபீமேல் மேக்கர்" என்றும் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஆக, உங்களுக்குத் தெரிய வேண்டியது குட்டியின் அப்பா என்ன மார்ஃப் என்பதல்ல, அந்த அப்பாவுக்குப் பனானா தாத்தாவிடமிருந்து வந்ததா அப்பத்தாவிடமிருந்து வந்ததா என்பது. கொடுத்தவரிடம் அதைக் கேளுங்க. தெரியாது என்றால் மார்ஃபை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தெரிந்தாலும் "பெரும்பாலும்"தான், குரோமோசோம் பகுதிகள் இடம் மாறிக்கொள்வதால் விதிவிலக்குக் குட்டி வந்துகொண்டேதான் இருக்கும். ப்ரோபிங் முடிவுக்குத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

கிளி லேபுக்கு அனுப்பாதீங்க. அவர்கள் பார்ப்பது பறவையின் இசட், டபிள்யூ குரோமோசோமில் உள்ள மரபணு வித்தியாசத்தை. பைத்தானுக்கு அது பொருந்தாது. பணம் போகும், கூடவே தவறான தாளும் வரலாம். பால் பைத்தானுக்கென்றே சட்டையிலிருந்து பார்க்கும் ஆய்வகங்கள் வெளிநாட்டில் உண்டு. ஆனால் பால் பைத்தான் சைட்டிஸ் (வன உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உரித்த சட்டையும் அந்த விலங்கின் பொருள்தான், உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிட முடியாது.

இன்னொரு ஓசிச் சாட்சி, பாம்பு வளர்ந்த பிறகு கிடைக்கும்: முதிர்ந்த ஆணின் பெட்டியில் சட்டையோடு, அல்லது தனியாக, காய்ந்து வெளிறிய சிறு குச்சி மாதிரி இரட்டையாக ஏதாவது கிடக்கும். உறுப்புப் பையிலிருந்து விழும் அடைப்பு அது. கிடைத்தால் ஆண் என்று பேனாவிலேயே எழுதலாம்.

செதிலெண்ணி | புதுவயல்

ஒரு இடைச்செருகல், இதைத் தேடி வருகிற மற்றவர்களுக்காக. இங்கே பேசுவது வெளிநாட்டு இனம், பதிவு செய்த பாம்பு. தோட்டத்தில் கிடைத்த மண்ணுளியையோ மலைப்பாம்பையோ வைத்துக்கொண்டு "இது ஆணா" என்று தனிச்செய்தி அனுப்பாதீங்க. நம் நாட்டுப் பாம்பை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்க.

வளவுவாசல், உங்களுக்கும் அதையொட்டி ஒன்று: நாளைக்குக் குட்டி பொரித்தால் அதுவும் 2024 விதிகளின்படி பரிவேஷில் தெரிவிக்க வேண்டியது. பாலினம் எழுதும் இடத்தில், உறுதியாகும் வரை தெரியவில்லை என்றே போடுங்க. ஒரு பக்க அளவை நம்பி "ஆண்" என்று போட்டு, பிறகு அது முட்டையிட்டால் திருத்தம் கொடுக்க அலையணும்.

வளவுவாசல் | காரைக்குடி

எடுத்தவரிடம் கேட்டேன். இடது பக்கம் எங்கேயும் நிற்காமல் போச்சு, வலது பக்கம் கல்லாட்டம் இறுக்கிக்கிச்சு என்கிறார். தாத்தாவா அப்பத்தாவா என்பது கொடுத்தவருக்குத் தெரியலை. மூணு வாரம் கழிச்சு வலது பக்கம் முதலில் எடுக்கிறோம். அதுவரை பெட்டிமேல் என்ன எழுதி ஒட்டுறது?

பள்ளத்தூர் ஆச்சி

பாலினத்தை எழுதாதே தம்பி, அளவை எழுது. தேதி, எடை, ப்ரோப் முனை எத்தனை மி.மீ., இடது எத்தனை, வலது எத்தனை, தடை எங்கே வந்தது, யார் எடுத்தது. அடுத்த தடவை வேறொருவர் எடுத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேணும். விற்கும்போதும் இரண்டு பக்க அளவையும் சேர்த்துக் கொடு. வாங்குகிறவர் "ஜோடிதானே" என்று கேட்டால் அந்த அட்டையைக் காட்டு.